அண்டை மக்களை அறிந்து எழுதிய அல்லாமா அல்பீரூனி (ரஹ்)

மனிதர்கள் கூடி வாழும் முறைகளை ஆராயும் கல்விக்குச் சமூகவியல் என்று பெயர். 19ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் நாட்டு அறிஞர் அகஸ்ட் காம்ட் இப்பெயரைப் பரப்பினார். அதற்கு வெகுகாலம் முன்பே இப்னு கல்தூன் (ரஹ்) அவர்கள் (1332 – 1406), குலப்பற்று அரசுகளை எழுப்புகிறது, சுகபோகம் அவற்றை வீழ்த்துகிறது என்னும் கொள்கையை வகுத்தார்கள். அவர்களுக்கும் மூன்று நூற்றாண்டுகளுக்கு முன், வேற்று மதத்தாரின் வாழ்வை எப்படி ஆராய்வது என்பதற்கு இந்திய மண்ணிலேயே வழி காட்டியவர்கள் அல்லாமா அபூரைஹான் அல்பீரூனி (ரஹ்) அவர்கள்.

அல்பீரூனி அவர்கள் ஹிஜ்ரி 362இல் (கி.பி. 973) குவாரஸ்மில் பிறந்தார்கள். அவ்வூர் இன்றைய உஸ்பெகிஸ்தானில் உள்ளது. கணிதமும் வானநூலும் கற்றுத் தேர்ந்தார்கள். தமது 27ஆம் வயதை ஒட்டிப் பாரசீகர், யூதர், கிறிஸ்தவர் முதலியோரின் ஆண்டுக் கணக்குகளையும் பண்டிகைகளையும் தொகுத்து ஒரு கிதாபு எழுதினார்கள்.

1017இல் சுல்தான் மஹ்மூது கஜ்னவி குவாரஸ்மைக் கைப்பற்றினார். அங்கிருந்த அறிஞர்களோடு அல்பீரூனி அவர்களும் கஜ்னி நகருக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். சொந்த ஊரை இழந்த அந்தத் துயரமே அவர்களுக்கு இந்தியாவின் வாசலைத் திறந்தது. பஞ்சாபுக்கு வந்தார்கள். அங்கே நந்தனா கோட்டையருகே ஒரு மலையின் உயரத்தைக் கொண்டு பூமியின் ஆரத்தைக் கணக்கிட்டார்கள். இன்றைய அளவுக்கு அது மிகவும் நெருங்கி நிற்பதைக் கண்டு அறிஞர்கள் வியக்கின்றனர்.

நாற்பது வயதைக் கடந்தபின் சமஸ்கிருதம் கற்கத் தொடங்கினார்கள். பண்டிதர்களை அணுகினார்கள், ஏடுகளைத் தேடிப் பொருள் செலவிட்டார்கள். பதஞ்சலியின் யோக நூலை அரபியில் பெயர்த்தார்கள். இவ்வுழைப்பின் கனியாக 1030ஐ ஒட்டி, 80 அத்தியாயங்கள் கொண்ட ‘கிதாபுல் ஹிந்த்’ உருவாயிற்று.

இந்த நூலின் முறைதான் நாம் கவனிக்கவேண்டியது. கண்ணால் கண்டது வேறு, காதால் கேட்டது வேறு என்று முதலிலேயே பிரித்துவிடுகிறார்கள். செய்தி சொல்பவன் ஏன் பொய் சொல்கிறான் என்றும் ஆராய்கிறார்கள். ஒருவன் தன் கூட்டத்தின் மீதுள்ள பாசத்தால் சொல்கிறான். இன்னொருவன் எதிர்க் கூட்டத்தின் மீதுள்ள பகையால் சொல்கிறான். வேறொருவன் அறியாமையால் பிறர் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறான். ரிவாயத்தை ஆராயும் ஹதீஸ் கலையை ஓதியவர்களுக்கு இந்த எச்சரிக்கை புதிதல்ல.

அடுத்து, ஒவ்வொரு விஷயத்திலும் இந்துக்களின் சொந்த நூல்கள் சொல்வதை அப்படியே எடுத்து வைக்கிறார்கள். தர்க்கம் செய்து வெல்வது இந்நூலின் நோக்கமில்லை என்று சொல்லிவிடுகிறார்கள். பிறகு கிரேக்கர் முதலியோரோடு ஒப்பிடுகிறார்கள். சாதியைப் பற்றி எழுதும்போது, பண்டைய ஈரானிலும் மக்களை வகுப்புகளாகப் பிரித்திருந்ததை நினைவூட்டுகிறார்கள். நான்கு வருணங்களுக்கு வெளியே வைக்கப்பட்ட மீனவர், மாலுமி, நெசவாளர் முதலிய எட்டுத் தொழிலாளரையும் குறிப்பிடுகிறார்கள். கற்றவரின் நம்பிக்கை வேறு, பாமரரின் நம்பிக்கை வேறு, எல்லாச் சமுதாயத்திலும் இப்படித்தான் என்பது அவர்களுடைய முக்கியமான முடிவு.

நியாயமும் தவறவில்லை. பண்டிதர்களின் செருக்கைக் கண்டித்த அதே பேனா, மஹ்மூதின் படையெடுப்புகள் நாட்டின் செழிப்பை அழித்து மக்கள் மனத்தில் வெறுப்பை விதைத்தன என்றும் எழுதியது. அந்தச் சுல்தானின் தலைநகரிலிருந்து கொண்டே இவ்வாறு எழுதினார்கள்! ஆனால் குறையும் உண்டு. அவர்கள் நேரில் கண்டது வடமேற்குப் பகுதியையே. தென்னாட்டுக்கு வந்ததில்லை. அடித்தட்டு மக்களைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் பண்டிதர்கள் வாயிலாகவே கிடைத்தன.

அன்னாரின் இறுதி வேளையைப் பற்றி யாகூத் என்னும் ஆசிரியர் ஒரு செய்தியைப் பதிவு செய்துள்ளார். மரணப் படுக்கையில் கிடந்தவர்கள், பார்க்க வந்த ஒரு ஃபகீஹிடம் சொத்துப் பங்கீட்டு மஸ்அலா ஒன்றுக்கு விளக்கம் கேட்டார்கள். இந்த நிலையிலுமா என்று அவர் தயங்கினார். அறியாமல் போவதைவிட அறிந்து போவது மேல் என்னும் கருத்தில் பதில் வந்தது. விளக்கம் சொல்லிவிட்டு அவர் தெருவில் இறங்கியபோதே வீட்டில் அழுகுரல் எழுந்தது. 1050ஐ ஒட்டிக் கஜ்னியில் அவர்கள் மறைந்தார்கள்.

வாசக அன்பர்களே! நம் வடசென்னையைப் பாருங்கள். இராயபுரத்தில் பள்ளிவாசல்களோடு தேவாலயமும், 1910 முதல் பார்ஸிகளின் ஆலயமும் உள்ளன. காசிமேட்டில் மீனவப் பெருமக்கள், திருவொற்றியூரில் பழம்பெரும் சிவன் கோயில், எண்ணூர் வரை பல ஊர்த் தொழிலாளர்கள். அண்டை வீட்டாரைப் பற்றி ஒரு வதந்தி கைப்பேசியில் வந்தால், ஆராயாமல் பத்துப் பேருக்கு அனுப்புகிறோம். கேட்ட செய்தியைத் தீர விசாரிக்குமாறு சூரா ஹுஜுராத்தில் இறைவன் கட்டளையிடுகிறான். அந்த வசனத்தை நாம் ஓதுகிறோம். ஓர் அந்நிய மொழியைக் கற்று, 80 அத்தியாயங்கள் எழுதி, அதை அமல் செய்து காட்டினார்கள் அல்பீரூனி அவர்கள். அடுத்த வீட்டுக்காரர் நம் தமிழைத்தான் பேசுகிறார். அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு நமக்கு என்ன தடை?

வல்ல அல்லாஹ் நம் நாவுகளைப் பொய்யை விட்டும் காப்பானாக! ஆமீன்.