செக்கிழுத்த செம்மலும் நமது யூபிலியும்

யூபிலி மலருக்குப் புனிதர் ஒருவரின் வரலாறு எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டார்கள். நான் எடுத்துக்கொண்டவரோ பீடத்தில் வைக்கப்பட்டவர் அல்லர். நம் திருமறையைச் சேர்ந்தவரும் அல்லர். சைவ நெறியில் ஊன்றி நின்ற வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள். குழுவினரின் முகம் சற்றே சுருங்கியது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

யூபிலி என்றதும் கொடியும் தேரும், வர்ணம் பூசிய கோபுரமும், ஆயர் வருகையுமே நம் நினைவுக்கு வருகின்றன. பழைய ஏற்பாட்டில் அதன் பொருள் வேறு. ஐம்பதாம் ஆண்டில் எக்காளம் முழங்கும். கடனுக்கு அடிமையாகப் போனவன் வீடு திரும்புவான். விற்ற நிலம் குடும்பத்துக்கு மீளும். நம் ஆண்டவரும் நாசரேத்து செபக்கூடத்தில் தமது பணியைத் தொடங்கியபோது, சிறைப்பட்டோரின் விடுதலையை அறிவித்தே தொடங்கினார். 2025 யூபிலி ஆண்டை முன்னிட்டுத் திருத்தந்தை பிரான்சிஸ், 2024 டிசம்பர் 26 அன்று உரோமையின் ரெபிபியா சிறைச்சாலையில் ஒரு புனிதக் கதவைத் திறந்து வைத்தார். ஆகவே, சிறை சென்று திரும்பிய ஒருவரின் கதை இம்மலருக்கு அந்நியமன்று.

வ. உ. சி. 1872 செப்டம்பர் 5 அன்று ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். சட்டம் பயின்றது நமது திருச்சியில். ஒட்டப்பிடாரம் கோர்ட்டில் ஏழைகளுக்காகப் போலீசாரை எதிர்த்து வழக்காடி அவர்களுடைய பகையைத் தேடிக்கொள்ளவே, தந்தையார் அவரை 1900-ல் தூத்துக்குடிக்கு அனுப்பி வைத்தார். அங்கே 1906-ல் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கி, வெள்ளையருக்குப் போட்டியாகக் கப்பல் விட்டது அனைவரும் அறிந்ததே. கோரல் மில் தொழிலாளரின் வேலைநிறுத்தம் அத்தனை பேருக்குத் தெரியாது. 1908-ல் அவரும் சுப்பிரமணிய சிவாவும் அதை முன்னின்று நடத்தினார்கள். அதில் கிடைத்தவற்றுள் ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும் ஒன்று. ஞாயிறு ஓய்வைப் பற்றிப் பிரசங்கம் செய்கிற எனக்கு இந்தச் செய்தி கொஞ்சம் வெட்கத்தைத் தருகிறது.

அதே ஆண்டு மார்ச் 12-ல் கைதானார். ஜூலை 7-ல் நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார்: அரசை எதிர்த்துப் பேசியதற்கு ஓர் ஆயுள் தண்டனை, சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இன்னோர் ஆயுள் தண்டனை, ஆக 40 ஆண்டு. ஒரு நண்பனுக்கு வீட்டில் இடமும் சோறும் கொடுத்து உடன் நின்றதற்கு 20 ஆண்டு! ஏலாக்குறிச்சி அடைக்கல அன்னையின் மக்களாகிய நாம் இதை நின்று நினைக்க வேண்டும். தீர்ப்பைக் கேட்ட தம்பிக்குச் சித்தம் கலங்கிவிட்டது.

மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. கோயம்புத்தூர்ச் சிறையில் சணல் கிழிக்கும் இயந்திரத்தைச் சுற்றிச் சுற்றி உள்ளங்கை தோலுரிந்து இரத்தம் கசிந்தது. பிறகு மாட்டுக்குப் பதிலாகச் செக்கில் பூட்டினார்கள். அரசியல் கைதி என்ற தனி நிலை அக்காலத்தில் கிடையாது. அந்த உரிமைக்காக லாகூர்ச் சிறையில் 63 நாள் உண்ணாமல் கிடந்து ஜதீந்திர நாத் தாஸ் உயிர் விட்டது 1929-ல்தான். பின்னர் கண்ணூர்ச் சிறைக்கு மாற்றப்பட்ட வ. உ. சி., உடனிருந்த கைதிகளுக்கு அறநெறி போதித்தார். அப்படிப் பிறந்த நூலே மெய்யறம். குற்றவாளிகளுக்கு அறம் எதற்கு என்று அவர் எண்ணவில்லை.

1912 டிசம்பர் 24 அன்று விடுதலை. நமக்குக் கிறிஸ்து பிறப்புத் திருவிழிப்பு நாள். கைதானபோது திருநெல்வேலியும் தூத்துக்குடியும் கொந்தளித்துத் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. விடுதலையானபோதோ சிறை வாசலில் நின்றவர்கள் விரல் விட்டு எண்ணத்தக்கவர்களே. அவர்களுள் சிவாவும் ஒருவர் என்பர். சிறையில் தொழுநோய் தொற்றி உருமாறிப் போயிருந்தார் அவர். கப்பல் கம்பெனி கலைந்துவிட்டது. கப்பலை வாங்கியது பகைக் கம்பெனியே. வக்கீல் சன்னது பறிபோயிருந்தது. சென்னையில் அரிசி விற்றார், நெய் விற்றார், குடும்பத்தோடு வாடினார். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கென்று திரட்டிக் காந்தியடிகளிடம் ஒப்படைத்த பணங்கூட, கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதிய பின்னரே கைக்கு வந்தது.

முன்பு நான் பணியாற்றிய ஒரு பங்கில், வரப்புத் தகராறில் நடந்த கொலைக்காகத் திருச்சி மத்திய சிறையில் பல்லாண்டு இருந்து ஒருவர் திரும்பினார். டீக்கடைப் பெஞ்சில் அவர் உட்கார்ந்தால் மற்றவர்கள் எழுந்து போவார்கள். மகளுக்கு வந்த வரன்கள் ஊர் எல்லையோடு திரும்பின. ஞாயிறு பூசையில் கடைசித் தூணுக்குப் பின்னால் நிற்பார். வீடு மந்திரிக்கச் சென்ற நாளில் அவர் வீட்டை நான் கடைசிக்கு ஒதுக்கி வைத்து, இருட்டிவிட்டது, நாளைக்கு வருகிறேன் என்று உபதேசியாரிடம் சொல்லியனுப்பினேன். அந்த நாளை வர மூன்று மாதம் ஆயிற்று. அன்று வாசல் மெழுகிக் கோலம் போட்டுக் காத்திருந்தார்களாம். கோயில் மணியடிக்கும் வேலை கேட்டார். சிலர் முணுமுணுத்தார்கள், நான் வற்புறுத்தவில்லை.

வ. உ. சி.க்கு வேலை கொடுத்தவர் ஒரு வெள்ளைக்காரர். நீதிபதி வாலஸ் அவர்களின் உதவியால் 1920-களில் சன்னது திரும்பக் கிடைத்தது. நன்றியை வ. உ. சி. மேடையில் சொல்லி முடித்துக்கொள்ளவில்லை; தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார். தம்மைச் சிறையிலிட்ட ஆட்சியின் நீதிபதி ஒருவர் பெயர், அந்த வீட்டில் நாள்தோறும் பாசத்தோடு அழைக்கப்பட்டது. எத்தனையோ குழந்தைகளுக்கு ஞானஸ்நானப் பெயர் எழுதிய எனக்கு, ஒரு பெயருக்கு இவ்வளவு கனம் இருந்ததாக நினைவில்லை.

கோவில்பட்டியிலும் தூத்துக்குடியிலும் மீண்டும் கறுப்பு அங்கி அணிந்து வழக்காடினார். கடன் தீரவில்லை. 1936 நவம்பர் 18 அன்று தூத்துக்குடியில் காலமானார்.

அவர் இழுத்த செக்கு சென்னைக் கிண்டியில், காந்தி மண்டபத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. பரங்கிமலைக்கும் சாந்தோமுக்கும் போகிற வழிதான். நமது அடுத்த திருயாத்திரையில் பஸ் அங்கே அரை மணி நேரம் நிற்கும். பிள்ளைகளை முன்னால் விடுங்கள்.