மீசை வைத்த அம்மா

குஜராத் மக்கள் ஓர் ஆண்மகனுக்கு "மீசை வைத்த அம்மா" என்று பெயர் சூட்டினார்கள். அவர்தான் கிஜுபாய் பதேக்கா. கறுப்புக் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, சின்னஞ்சிறு குழந்தைகளுக்குக் கைகழுவவும் தலைவாரவும் கற்றுக்கொடுத்த வக்கீல் அவர்.

சௌராஷ்டிராவில் உள்ள சித்தல் என்ற ஊரில் 1885-ம் ஆண்டு நவம்பர் 15-ந்தேதி பிறந்தார். முழுப்பெயர் கிரிஜாசங்கர். பிழைப்புத் தேடி 1907-ல் கிழக்கு ஆப்பிரிக்கா சென்றார். நம்மைப்போல் ஊரைவிட்டு வந்து உழைத்த அனுபவம் அவருக்கும் உண்டு. திரும்பி வந்து பம்பாயில் சட்டம் படித்தார். பிறகு வத்வான் என்ற ஊரில் வக்கீல் தொழில் நடத்தினார். நல்ல வருமானம் வந்தது.

மகன் பிறந்தான்

1913-ல் மகன் நரேந்திரன் பிறந்தான். பிரம்புக்குப் பயந்து படிக்கும் பள்ளிக்கூடத்தில் அவனைச் சேர்க்கத் தகப்பனுக்கு மனம் வரவில்லை. அந்தச் சமயத்தில் இத்தாலி நாட்டு மாண்டிசோரி அம்மையாரின் கல்வி முறைபற்றிப் படித்தார். அதுவே அவர் வாழ்க்கையை மாற்றிவிட்டது.

1916-ல் பவநகர் தட்சிணாமூர்த்தி கல்வி நிலையத்தில் சேர்ந்தார். முதலில் உயர்நிலைப் பள்ளியில் பணிபுரிந்தார். அங்கே வரும் மாணவர்களுக்கு நல்லதும் கெட்டதுமான பழக்கங்கள் ஏற்கெனவே ஊறிப் போயிருந்தன. வளைக்க வேண்டுமானால் நாற்றிலேயே வளைக்கவேண்டும் என்று முடிவு செய்தார். 1920-ல் "பால மந்திர்" என்ற குழந்தைப்பள்ளி பிறந்தது.

குழந்தையின் கையாலேயே

அங்கே சுத்தம் என்பது தனிப்பாடம் அல்ல, அன்றாட வேலை. கைகழுவுவது, முகம் துடைப்பது, பொத்தான் போடுவது, தலை வாருவது, இடத்தைப் பெருக்குவது எல்லாவற்றையும் குழந்தைகள் தாங்களே செய்தார்கள். ஆசிரியர் நிதானமாக ஒருமுறை செய்து காட்டுவார். பிறகு குழந்தை செய்யும். தண்ணீர் சிந்தினால் அடி இல்லை. துடைக்கத் துணி கொடுப்பார்கள். சாமான்கள் எல்லாம் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும்.

சுத்தமாக இல்லாவிட்டால் அடி விழும் என்று பயந்த குழந்தை, அடிப்பவர் இல்லாதபோது அழுக்காகவே இருக்கும். தானாகச் செய்து பழகிய குழந்தை யாரும் பார்க்காதபோதும் கைகழுவும். கிஜுபாய் காட்டிய வழி இதுதான்.

வராத பெற்றோர்

1930-களின் தொடக்கத்தில் அவர் எழுதிய "திவாஸ்வப்னா" என்ற கதை நூல் இன்றும் ஆசிரியர்கள் விரும்பிப் படிப்பது. தமிழிலும் "பகல் கனவு" என்ற பெயரில் வந்துள்ளது. நாலாம் வகுப்புக்கு வரும் ஒரு புது வாத்தியாரின் கதை அது. பையன்களின் அழுக்குக் குல்லாயும் நீண்ட நகமும் அவர் கண்ணில் படுகின்றன. அதுபற்றிப் பேசப் பெற்றோரைக் கூப்பிடுகிறார். வந்தவர்கள் சிலரே. வாத்தியார் யாரையும் திட்டவில்லை. சுத்தப் பழக்கத்தை வகுப்பறையிலேயே ஆரம்பித்துவிடுகிறார்.

பெற்றோருக்காகவும் கிஜுபாய் ஏராளமாக எழுதினார். ஓயாத உழைப்பு உடலை வாட்டியது. 1939-ம் ஆண்டு ஜூன் 23-ந்தேதி பம்பாயில் காலமானார். வயது 53. அதே ஆண்டு நவம்பரில் மாண்டிசோரி அம்மையார் சென்னை அடையாறுக்கு வந்து சேர்ந்தார். அவரை வரவேற்க, அவர் வழியை நாட்டில் பரப்பிய கிஜுபாய் இல்லை.

ஆனால் பணி நிற்கவில்லை. பவநகரில் அவருடன் உழைத்த தாராபாய் மோதக், 1945-ல் பம்பாய்க்கு வடக்கே உள்ள போர்டி கிராமத்துக்குச் சென்றார். ஏழைக் குழந்தைகள் பள்ளிக்கு வராததால், பள்ளியை அவர்கள் வீட்டு முற்றத்துக்கே கொண்டுபோனார். முற்றம் என்று பொருள்படும் "அங்கன்" என்ற சொல்லில் பிறந்த "அங்கன்வாடி" என்ற பெயரை 1975-ல் மத்திய அரசின் திட்டமும் ஏற்றுக்கொண்டது.

நம் வீட்டில்

ஒற்றை அறையில் குடியிருக்கிறோம். குழாயில் தண்ணீர் வருவதே கொஞ்ச நேரம். ஷிப்டுக்குப் போகும் அவசரம் வேறு. "நானே கழுவிவிட்டால் சீக்கிரம் முடியும்" என்று பிள்ளையின் கையைப் பிடித்து இழுக்கிறோம். கிஜுபாய் தடுத்திருக்கக் கூடியது இதைத்தான்.

பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் ஒரு ஆணி அடித்துத் துண்டைத் தொங்கவிடுங்கள். சின்னக் குவளையும் சோப்பும் கீழே வையுங்கள். சாப்பிடும் முன்பும், கக்கூஸ் போய்வந்த பின்பும் விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்த்துக் கழுவ ஒருமுறை செய்து காட்டுங்கள். பிறகு ஐந்து நிமிடம் பொறுமையாகக் காத்திருங்கள்.

ஒரு வக்கீல் தன் தொழிலையே விட்டுக்கொடுத்தார். நாம் கொடுக்கவேண்டியது அந்த ஐந்து நிமிடம்தான்.