கண்ணாடியின் பின்புறம்: சரபோஜி மன்னரும் தஞ்சை ஓவியர்களும்

தஞ்சாவூர் என்றதும் பெரிய கோவில், தலையாட்டி பொம்மை, வீணை, பொன்தகடு ஒட்டிய பலகைப் படம் எல்லாம் நம் நினைவுக்கு வந்துவிடும். அந்தப் பலகைப் படத்தோடு உடன்பிறந்த இன்னொரு கலையும் இதே மண்ணில் வளர்ந்தது. அதுதான் கண்ணாடி ஓவியம். நம் வட்டாரத்துப் பழைய வீடுகளின் கூடத்தில், மரச் சட்டத்துக்குள் பளபளப்பு மங்காமல் தொங்கும் வெண்ணெய்க் கண்ணனையும் இராமர் பட்டாபிஷேகத்தையும் பார்த்தவர்கள் நம்மில் பலர் இருக்கக்கூடும். அது காகிதத்தில் வரைந்து கண்ணாடி போட்ட படம் என்றுதான் பெரும்பாலும் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் அங்கே படம் வரையப்பட்டிருப்பதே கண்ணாடியின் மேல்தான், அதுவும் அதன் பின்புறத்தில்.

தஞ்சையில் இக்கலை செழித்த காலத்தைப் பற்றிப் பேசினால் மன்னர் இரண்டாம் சரபோஜியைப் பற்றியும் பேசியாக வேண்டும். நாட்டை இழந்தவர் அவர். மிஞ்சிய அரண்மனையைக் கற்கும் இடமாக மாற்றிக்கொண்டவரும் அவரே.

சரபோஜி 1777ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் மராத்திய போன்ஸ்லே குலத்தின் ஒரு கிளைக் குடும்பத்தில் பிறந்தார். வாரிசு இல்லாத துளஜா மன்னர் 1787இல் இச்சிறுவனைத் தத்து எடுத்தார். அதே ஆண்டிலேயே மன்னர் இறந்தும் போனார். இறக்கும் முன் பிள்ளையின் நலனைக் கவனித்துக்கொள்ளும்படி அவர் செருமானியரான லுத்தரன் மறைபணியாளர் சுவார்ட்ஸ் ஐயரைக் கேட்டுக்கொண்டார். 1750இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சுவார்ட்ஸ், தமிழும் மராத்தியும் கற்று, திருச்சியிலும் தஞ்சையிலும் நீண்ட காலம் உழைத்தவர். அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர் என்பதற்காக அவரை ஒதுக்கி வைத்துவிட்டு இந்த வரலாற்றைச் சொல்ல முடியாது. இந்து மன்னர் ஒருவர் சாகும் தறுவாயில் தம் மகனை நம்பி ஒப்படைக்கத் தகுந்தவராக ஒரு போதகர் வாழ்ந்திருக்கிறார் என்பதே பெரிய செய்தி.

அடுத்து நடந்தது அரண்மனைகளில் வழக்கமாக நடப்பதுதான். சிற்றப்பா அமர்சிங் அரியணையைத் தம்வசமாக்கிக்கொண்டார். சிறுவன் காவலில் வைக்கப்பட்டான், ஒழுங்கான கல்வியும் மறுக்கப்பட்டது. சுவார்ட்ஸ் விடாமல் முறையிட்டதன் பலனாக 1793இல் சரபோஜி பாதுகாப்பாகச் சென்னைக்கு அனுப்பப்பட்டார். அங்கே கெரிக்கே ஐயர் என்ற இன்னொரு மறைபணியாளரிடம் பாடம் பயின்றார். ஆங்கிலம், அறிவியல், மேலைநாட்டு நூல்கள் என்று புதிய உலகம் ஒன்று அவருக்குத் திறந்தது.

1798 பிப்ரவரி 13ஆம் நாள் சுவார்ட்ஸ் தஞ்சையில் இறந்தார். நான்கே மாதங்களுக்குப் பின், சூன் மாத இறுதியில், சரபோஜி அரியணை ஏறினார். வளர்த்தவர் அதைப் பார்க்க இல்லை. ஆசிரியருக்கு நினைவுச் சின்னம் அமைக்க இலண்டனில் இருந்த ஜான் பிளாக்ஸ்மன் என்ற புகழ்பெற்ற சிற்பியிடம் மன்னர் பணி ஒப்படைத்தார். மரணப் படுக்கையில் கிடக்கும் குருவின் கையை இளவரசர் பற்றியிருக்கும் அந்தச் சலவைக்கல் சிற்பத்தைத் தஞ்சை சிவகங்கைக் குளத்தருகே உள்ள கிறிஸ்து நாதர் ஆலயத்தில் இன்றும் காணலாம். பூங்காவுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்பவர்கள் பத்து நிமிடம் அங்கேயும் நின்று வரலாம்.

அரியணை கிடைத்தது, ஆட்சி நிலைக்கவில்லை. 1799 அக்டோபர் 25ஆம் நாள் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, காவிரிப் படுகையின் நெல்விளையும் பூமி முழுவதும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போயிற்று. மன்னருக்கு எஞ்சியவை தஞ்சைக் கோட்டையும், ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகனும், வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும்தான். வரி விதிக்கவோ படை நடத்தவோ வழியில்லை. அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. இந்த வயதில், இந்த நிலையில், கைநிறையப் பணமும் செய்ய வேலையும் இல்லாத எத்தனையோ அரசர்கள் குடியிலும் கேளிக்கையிலும் அழிந்தார்கள். அதற்கு வரலாற்றில் உதாரணம் தேட வேண்டியதில்லை.

சரபோஜி வேறு விதமாகச் செலவழித்தார். சரசுவதி மகால் நூலகத்தில் ஓலைச்சுவடிகளோடு ஐரோப்பிய நூல்களையும் ஆயிரக்கணக்கில் சேர்த்தார். தேவநாகரி எழுத்தில் அச்சகம் நிறுவினார். தன்வந்திரி மகாலில் நம் நாட்டு மருத்துவத்தையும் ஆங்கில மருத்துவத்தையும் அருகருகே வைத்து ஆராயச் செய்தார். 1802இல் ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரத்தைக் கட்டி, வழிப்போக்கர்களுக்குச் சோறும் பிள்ளைகளுக்குப் படிப்பும் கிடைக்கச் செய்தார். நவவித்யா கலாநிதி சாலை என்ற பெயரில் பல மொழிகளும் புதிய பாடங்களும் கற்பிக்கும் பள்ளியை நடத்தினார்.

ஓவியம் இப்படிப்பட்ட பள்ளியின் பெஞ்சில் உட்கார்ந்து படிக்கும் பாடமாக இருக்கவில்லை. அது ஓவியரின் வீட்டுத் திண்ணையிலும் பட்டறையிலும் தகப்பனிடமிருந்து மகனுக்கும் குருவிடமிருந்து சீடனுக்கும் போனது. தஞ்சையிலும் திருச்சியிலும் ராஜு சமூகத்தைச் சேர்ந்த குடும்பங்கள் இதில் பேர்போனவை. அரண்மனை அவர்களுக்கு வேலை கொடுத்தது, புதிய மாதிரிகளையும் கண்முன் வைத்தது. பிரெஞ்சு ஓவியர் சார்லஸ் லெ பிரன் மனித முகங்களை விலங்கு, பறவை முகங்களோடு ஒப்பிட்டு வரைந்த படங்கள் சரசுவதி மகாலில் இருக்கின்றன. தஞ்சை ஓவியர் ஒருவர் அவற்றைப் பார்த்து என்ன நினைத்திருப்பார் என்று எண்ணிப் பார்க்கையில் நமக்குச் சிரிப்பு வருகிறது.

கண்ணாடி ஓவியம் வெளியிலிருந்து வந்த கலை. ஐரோப்பாவில் பழக்கத்தில் இருந்த அது சீன ஓவியர்களின் கைக்குப் போய், 18ஆம் நூற்றாண்டில் கப்பல் வணிகத்தின் வழியே இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. தகட்டுக் கண்ணாடியும் கடல் கடந்தே வந்தது. தஞ்சை ஓவியர்கள் அந்த முறையை வாங்கி, தங்கள் கண்ணனையும் இராமனையும் அரசர்களையும் அதில் வரைந்தார்கள். பலா மரப் பலகை, துணி, சுண்ணப் பசை, பொன்தகடு, பதிக்கும் கற்கள் எல்லாம் வேண்டிய பலகைப் படத்தைவிட இதற்குச் செலவு குறைவு. விளக்குப் புகையும் கற்பூரக் கரியும் படிந்தாலும் முன்பக்கத்தை ஈரத் துணியால் துடைத்துவிடலாம். எனவே எளிய வீடுகளின் பூசை அறைக்கும் அது போய்ச் சேர்ந்தது.

இதைக் கற்பதுதான் கடினம். பலகைப் படத்தில் முதலில் பின்னணி, பிறகு உடல், பிறகு ஆடை, அணி என்று போய், கடைசியில் கண் திறப்பது வழக்கம். கண்ணாடியில் எல்லாமே தலைகீழ். பார்ப்பவருக்கு எது முன்னால் தெரிய வேண்டுமோ அதை ஓவியர் முதலில் தீட்டியாக வேண்டும். கோட்டோவியத்தைக் கண்ணாடிக்கு அடியில் வைத்து, மெல்லிய தூரிகையால் கருவிழி, இமை, மூக்குத்தி, முத்துமாலை ஆகியவற்றை முதலில் எழுத வேண்டும். அது காய்ந்த பின் நிழல், அதன்மேல் முகத்தின் நிறம், அதன்மேல் ஆடை, கடைசியாகத் திரைச்சீலையும் தூணும் வானமும். நகை மின்ன வேண்டிய இடத்தில் வண்ணமிடாமல் விட்டு, பின்னால் பொன்தகடோ மின்னும் தாளோ வைப்பார்கள். முகத்தின் நிறத்தைப் பூசிய பிறகு கண்ணைத் திருத்த முடியாது. திருத்த வேண்டுமானால் எல்லாவற்றையும் சுரண்ட வேண்டும். இடம் வலமாகவும் வலம் இடமாகவும் மாறும் என்பதையும் மறக்கக் கூடாது. மறந்தால் வலக்கையால் ஆசி வழங்க வேண்டியவர் இடக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்!

ஆகவே இக்கலையில் குருவின் பங்கு பெரிது. சீடன் செய்த தவறு அவன் பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியாது, வண்ணத்துக்குள் மறைந்து கிடக்கும். கண்ணாடியைத் திருப்பிப் பார்க்கிறவர்தான் அதைக் கண்டு சொல்ல முடியும்.

இன்று கோடை விடுமுறை முகாம்களில் கண்ணாடியில் கருப்புக் கோடு போட்டு இடையில் வண்ணம் நிரப்பச் சொல்லித் தருகிறார்களே, அதையும் கண்ணாடி ஓவியம் என்றே சொல்கிறோம். அது வேறு, இது வேறு. நம் ஆலயச் சன்னல்களில் உள்ள வண்ணக் கண்ணாடியும் வேறுதான். அங்கே வண்ணத் துண்டுகளை வெட்டி, முகம், மடிப்பு போன்றவற்றைத் தீட்டி, சூளையில் சுட்டு, ஈயப் பட்டையால் இணைக்கிறார்கள். வெயில் ஊடுருவினால்தான் அதற்கு உயிர். தஞ்சைப் படமோ பின்னால் அட்டை வைத்து மூடப்பட்டது. முன்னால் விழும் விளக்கொளியே அதற்குப் போதும். சன்னல் ஓவியர்களின் பாதுகாவலரான உல்ம் நகர் யாக்கோபு, இத்தாலியில் பொலோஞா நகரத் தொமினிக்கன் மடத்தில் பொதுநிலைத் துறவியாக வாழ்ந்து, உடன் சகோதரர்களுக்கும் அக்கலையைக் கற்பித்து, 1491இல் இறந்தவர். அவருக்கு 12ஆம் லியோ திருத்தந்தை அருளாளர் பட்டம் அளித்த 1825ஆம் ஆண்டில், இங்கே தஞ்சை அரண்மனையில் சரபோஜி உயிரோடு இருந்தார். இரண்டு கண்ணாடிக் கலைகளும் ஒன்றையொன்று அறியாமலே ஒரே காலத்தில் மதிக்கப்பட்டிருக்கின்றன.

கண் என்றால் சரபோஜிக்குத் தனி அக்கறை இருந்தது. கண்புரை முதலிய நோய்களுக்கு அரண்மனையில் சிகிச்சை நடந்தது. நோயாளிகள் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களின் குறிப்புகள் சரசுவதி மகாலில் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் நோயுற்ற கண்களை அரண்மனை ஓவியர்கள் வண்ணத்தில் வரைந்து வைத்திருக்கிறார்கள். தெய்வத்தின் கண்ணை எழுதப் பழகிய ஒரு மரபு, ஏழைக் குடியானவரின் புரை விழுந்த கண்ணையும் அதே கவனத்தோடு எழுதியிருக்கிறது. சரபோஜியின் அரண்மனையில் நமக்கு மிகவும் பிடித்தது இதுதான். போர் வெற்றியைக் கொண்டாட 1814-15இல் அவர் எழுப்பிய மனோரா கோபுரத்தை, அது கம்பெனியின் வெற்றிதானே என்று கேட்டு நாம் கடந்துவிடலாம். இந்தக் கண்களைக் கடந்து போக முடியவில்லை.

1820 முதல் 1822 வரை பெரும் பரிவாரத்தோடு அவர் காசி யாத்திரை சென்று, சுவடிகளோடு திரும்பினார். கிறிஸ்தவ ஆசிரியரிடம் வளர்ந்தும் தம் முன்னோரின் சமயத்தை அவர் விடவில்லை. ஆசிரியர் மீது கொண்ட அன்பையும் விடவில்லை. 1832 மார்ச் 7ஆம் நாள் மறைந்தார்.

அவருக்குப் பின் வந்த மகன் சிவாஜி 1855இல் ஆண் வாரிசின்றி இறந்ததும், அரச பட்டத்தையும் கம்பெனி முடித்துவைத்தது. ஓவியர்களுக்குப் படியளந்த கை போயிற்று. சிலர் செட்டிநாட்டு வணிகர்களின் ஆதரவைத் தேடினார்கள். ஆனால் 1894இல் ரவிவர்மா அச்சகம் தொடங்கி, அச்சிட்ட சாமிப் படங்கள் சில அணாவுக்குத் தெருவெங்கும் கிடைத்தபோது, நாள்கணக்கில் உட்கார்ந்து கண்ணாடியின் பின்னால் எழுதுபவருக்குக் கூலி கொடுக்க யார் முன்வருவார்கள்? மகனைத் தொழிலில் உட்கார வைக்கத் தகப்பன் தயங்கும்போது ஒரு கலையின் பள்ளிக்கூடம் மூடப்படுகிறது. அதற்கு அரசாணை எதுவும் தேவைப்படுவதில்லை.

இந்தப் படங்களைத் தேடிச் சேர்த்து ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர், சென்னையில் பிறந்து, தில்லியில் ஓவியக் கல்லூரி ஆசிரியையாகப் பணியாற்றிய ஜெயா அப்பாசாமி. இந்தியக் கண்ணாடி ஓவியங்களைப் பற்றி 1980இல் நூல் வெளியிட்டார். 2007-08இல் தஞ்சாவூர் ஓவியத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கண்ணாடியில் எழுதும் கைகள் இன்றும் தஞ்சைப் பகுதியில் உண்டு, எண்ணிக்கைதான் குறைவு.

நம் வீடுகளில் இப்படிப்பட்ட பழைய படம் இருந்தால் ஒரு வேண்டுகோள். நம் ஊர் மழைக்காலத்து ஈரம் பின்பக்க வண்ணத்தைச் செதில் செதிலாக உரித்துவிடும். எனவே ஈரச் சுவரில் ஒட்டினாற்போல் மாட்ட வேண்டாம். சட்டத்தைக் கழற்றிப் பின்பக்கத்தைத் துடைக்கவே வேண்டாம். துடைத்தால் துணியோடு முகம் வந்துவிடும். பழைய சாமான் வாங்க வருகிறவர் ஆவலோடு விலை கேட்டால், அவசரப்படாமல் விவரம் அறிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

தஞ்சை அரண்மனையில் சரபோஜி மன்னரின் வெண்சலவைக்கல் சிலை ஒன்று நிற்கிறது. ஆங்கிலச் சிற்பி சான்ட்ரி செதுக்கியது. கைகூப்பி வணங்கும் கோலம். சிற்பியின் பெயர் நமக்குத் தெரிகிறது. கண்ணாடியின் பின்னால் எழுதிய தஞ்சை ஓவியர்கள் பெரும்பாலும் தங்கள் பெயரைப் படத்தில் எழுதவே இல்லை.