பெற்றோருக்கு மகன் கட்டிய ஏரிக்கரை வீடு: லெ கொர்புசியேயின் கதை

பிரபல கட்டடக் கலைஞர் ஒருவர் தம் அப்பா-அம்மாவுக்கு வீடு கட்டினால் எப்படி இருக்கும்?

லெ கொர்புசியே அதை இரண்டு முறை செய்தார். முதல் வீடு பெற்றோரின் கையைக் கடிச்சிருச்சு. இரண்டாவது வீட்டில் அம்மா சுமார் 35 ஆண்டு வாழ்ந்தார்.

யார் அவர்?

இயற்பெயர் ஷார்ல்-எதுவார் ஜானரே. 1887ஆம் ஆண்டு சுவிட்சர்லந்தின் லா ஷோ-தெ-ஃபோன் நகரில் பிறந்தார். கைக்கடிகாரங்களுக்குப் பேர்போன ஊர் அது. அப்பா கடிகார முகப்புகளுக்கு எனாமல் பூசுபவர். அம்மா பியானோ ஆசிரியர்.

இந்தியாவின் சண்டிகர் நகரை வடிவமைத்தவர் என்றால் பலருக்கும் சட்டென்று புரியும்.

முதல் வீடு என்ன ஆனது?

1912ஆம் ஆண்டு சொந்த ஊரில் பெற்றோருக்குப் பெரிய வெள்ளை வீடு ஒன்றைக் கட்டினார். அப்போது அவருக்கு வயது 25தான். செலவு எகிறியது. சமாளிக்க முடியாமல் 1919ஆம் ஆண்டு பெற்றோர் வீட்டை விற்றுவிட்டனர்.

இரண்டாவது வீடு எப்படி?

இந்த முறை அளவோடு செய்தார். ஜெனீவா ஏரிக்கரையில், கோர்சோ என்ற ஊரில், 1923-24இல் வீடு எழுந்தது. பரப்பளவு சுமார் 60 சதுர மீட்டர். நம்மூர் மூவறை வீவக வீட்டின் அளவுதான்!

வழக்கமாக நிலத்தை வாங்கிய பிறகுதான் வரைபடம் போடுவாங்க. இவரோ வரைபடத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அதற்கேற்ற நிலத்தைத் தேடினார்.

வீட்டின் சிறப்பு 11 மீட்டர் நீள ஜன்னல். உள்ளே உட்கார்ந்தபடியே ஏரியையும் மலைகளையும் பார்க்கலாம். தோட்டத்தில் மட்டும் சுவர் எழுப்பி ஏரியை மறைத்தார். சுவரில் ஒரே ஒரு திறப்பு. எந்நேரமும் முழுக் காட்சியும் தெரிந்தால் கண்ணுக்குச் சலித்துப்போகும் என்பது அவர் எண்ணம். வேலிச்சுவரில் நாய் எட்டிப் பார்க்கவும் ஓர் ஓட்டை உண்டு!

குறையே இல்லையா?

இருந்துச்சு. சுவரில் விரிசல் விட்டது. ஏரியின் நீர்மட்டம்தான் காரணம் என்றார் அவர். பின்னர் சுவர்களுக்கு உலோகத் தகடு போர்த்தினார்.

இப்படியொரு வீட்டை இனி யாரும் கட்டக் கூடாது என ஊர் மன்றம் முடிவெடுத்ததாகவும் அவரே எழுதியிருக்கிறார்.

பிறகு?

அப்பா அங்கு அதிக நாள் வாழவில்லை. 1926ஆம் ஆண்டு காலமானார். அம்மா நூறு வயதை நெருங்கி 1960ஆம் ஆண்டு மறைந்தார். மகன் 1965ஆம் ஆண்டு பிரான்ஸில் கடலில் நீந்தும்போது உயிரிழந்தார். இசைக் கலைஞரான அண்ணன் ஆல்பர் 1973ஆம் ஆண்டுவரை அந்த வீட்டில் இருந்தார்.

2016ஆம் ஆண்டு யுனெஸ்கோ, லெ கொர்புசியேயின் 17 படைப்புகளை உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. சண்டிகரின் பிரம்மாண்ட அரசாங்கக் கட்டடங்கள் அதில் உண்டு. அம்மாவின் 60 சதுர மீட்டர் வீடும் உண்டு.

இன்று அது அரும்பொருளகம்.