கிழக்கே போக நினைத்தவர்



இத்தாலி நாட்டின் வடபகுதியில், ஓர் ஓடைக்கரையில் அமர்ந்து ஒரு சிறுமி காகிதப் படகுகள் செய்து கொண்டிருப்பாள். ஒவ்வொரு படகிலும் சில ஊதா நிறப் பூக்களை ஏற்றி நீரில் விடுவாள். அந்தப் பூக்கள்தாம் அவளுடைய மறைபரப்பாளர்கள். படகுகள் போய்ச் சேர வேண்டிய இடம் சீனா! ஒருநாள் விளையாட்டின்போது அவள் தண்ணீரில் தவறி விழுந்தாள். காப்பாற்றப்பட்டாலும், அன்று ஏற்பட்ட நீர் பயம் வாழ்நாள் முழுவதும் அவளை விட்டுப் போகவில்லை. பிற்காலத்தில் இருபது தடவைக்கும் மேலாக அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்த புனித பிரான்செஸ் சேவியர் கப்ரினிதான் அந்தச் சிறுமி.

1850ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் சாந்தாஞ்சலோ என்னும் ஊரில் ஒரு விவசாயக் குடும்பத்தில், குறைமாதக் குழந்தையாக அவர் பிறந்தார். பலவீனமான உடல். ஆசிரியையாகப் பயிற்சி பெற்ற அவர் துறவற சபையில் சேர விரும்பியபோது, உடல்நலத்தைக் காரணம் காட்டி மறுத்துவிட்டார்கள். மனம் தளராத அவர், கொதோஞ்ஞோ நகரில் ஆதரவற்ற சிறுமியர் இல்லம் ஒன்றில் பணியாற்றினார். 1877இல் வார்த்தைப்பாடு எடுத்தபோது, புனித பிரான்சிஸ் சவேரியாரின் பெயரைத் தம் பெயரோடு இணைத்துக் கொண்டார். நமது முத்துக்குளித்துறை மக்களிடையே உழைத்துவிட்டு, சீனாவின் வாசலில் உயிர்விட்ட அந்தப் புனிதர் நிறுத்திய இடத்திலிருந்து தாம் தொடர வேண்டும் என்பதே அவரது ஆசை. 1880இல் ஏழு தோழியருடன் திருஇருதய மறைபரப்புச் சகோதரிகள் சபையைத் தொடங்கினார்.

ஆனால் அவரது படகு கிழக்கே போகவில்லை. 1861இல் இத்தாலி ஒரே நாடாக இணைந்த பிறகும், தென்பகுதி விவசாயிகளின் வறுமை தீரவில்லை. சொந்த நிலமில்லை, வரிச்சுமையோ தாங்க முடியாதது. ஆகவே மக்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறினார்கள். 1880 முதல் 1920 வரையிலான நாற்பது ஆண்டுகளில் சுமார் 40 இலட்சம் இத்தாலியர் அமெரிக்கா சென்றனர். இரயில் பாதை போடவும், சுரங்கம் தோண்டவும், கட்டடம் எழுப்பவும் அந்த நாட்டிற்குக் கைகள் தேவைப்பட்டன. அந்தக் கைகளுக்குரிய மனிதர்களைப் பற்றி யாரும் அவ்வளவாகக் கவலைப்படவில்லை. வேலை வாங்கித் தரும் தரகர்கள், நம் வழக்கில் சொன்னால் கங்காணிகள், கூலியில் ஒரு பங்கைப் பிடித்துக் கொண்டார்கள். நியூயார்க்கில் காற்றும் வெளிச்சமும் இல்லாத அடுக்குக் குடியிருப்புகளில், ஓர் அறையில் ஒரு குடும்பமும் அதற்கு மேலும் அடைந்து கிடந்தன.

இதைவிட வேதனையான செய்தி ஒன்று உண்டு. கத்தோலிக்கர்களாகிய அவர்களுக்குக் கத்தோலிக்க ஆலயங்களிலேயே முழு வரவேற்பு கிடைக்கவில்லை. முன்னரே வந்து வேரூன்றியிருந்த அயர்லாந்து மக்களின் பங்குகளில், இத்தாலியர்களுக்கான திருப்பலி பல இடங்களில் ஆலயத்தின் நிலவறையில்தான் நடந்தது. மேலே ஒரு சபை, கீழே ஒரு சபை! அயர்லாந்துக்காரர்களும் ஒரு காலத்தில் பசியோடு வந்து இறங்கியவர்களே. கரையேறியவர்கள் கடலை எவ்வளவு விரைவாக மறந்துவிடுகிறோம்!

புலம்பெயர்ந்தோருக்காக உழைத்து வந்த ஆயர் ஸ்கலபிரினி, அன்னை கப்ரினியை அமெரிக்காவுக்கு அழைத்தார். சீனாவையே மனத்தில் வைத்திருந்த அன்னை, திருத்தந்தை 13ஆம் சிங்கராயரிடம் வழி கேட்டார். கிழக்கே அல்ல, மேற்கே செல்லுமாறு திருத்தந்தை பணித்தார். அன்னை கீழ்ப்படிந்தார்.

1889ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள், ஆறு சகோதரிகளுடன் நியூயார்க் வந்து இறங்கினார். அவர்களுக்கென எந்த வீடும் தயாராக இல்லை. முதல் இரவை மலிவான விடுதி ஒன்றில் கழிக்க நேர்ந்தது. படுக்கைகள் படுக்க முடியாத அளவுக்கு அழுக்காக இருந்தன. இரவு முழுவதும் விழித்திருந்து செபித்தார்கள். பேராயர் கொரிகனைச் சந்தித்தபோது, ஏற்பாடுகள் கைகூடாததால் இத்தாலிக்கே திரும்பிவிடுவது நல்லது என்றார் அவர். திருத்தந்தை அனுப்பி வந்தவள் நான், இங்கேயே இருப்பேன் என்று அன்னை பணிவோடும் உறுதியோடும் தெரிவித்தார். தங்க இடமின்மை, புரியாத மொழி, திரும்பிப் போகச் சொல்லும் குரல் என்று குடியேறியவர்கள் அனுபவித்த எல்லாவற்றையும் அவரும் வந்த சில நாள்களிலேயே அனுபவித்துவிட்டார். சில வாரங்களுக்குள் ஆதரவற்ற சிறுமியருக்கான இல்லம் திறக்கப்பட்டது. சகோதரிகள் வீடு வீடாகப் படியேறினார்கள். பிள்ளைகளுக்கு மறைக்கல்வி கற்பித்தார்கள். கடைகடையாகச் சென்று பிச்சை கேட்டார்கள்.

மருத்துவமனைப் பணியில் இறங்க அன்னை முதலில் தயங்கினார். அவரது மனத்தை மாற்றிய ஒரு நிகழ்ச்சியை, அவர் வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். மருத்துவமனையில் கிடந்த ஓர் இத்தாலிய நோயாளி, ஊரிலிருந்து வந்த கடிதத்தை நெடுநாளாகக் கையில் வைத்திருந்தான். அவனுக்குப் படிக்கத் தெரியாது. அங்கிருந்தவர்களில் எவருக்கும் இத்தாலிய மொழி தெரியாது. பார்க்கச் சென்ற சகோதரி அதைப் பிரித்து வாசித்தார். அவனுடைய தாய் இறந்துவிட்ட செய்தி அதில் இருந்தது. மருந்தும் மருத்துவரும் இருந்த இடத்தில், அவன் துயரத்தைப் புரிந்துகொள்ள ஒருவரும் இருக்கவில்லை. 1892இல் நியூயார்க்கில் கொலம்பஸ் மருத்துவமனை பிறந்தது. இத்தாலியருக்கும் அமெரிக்கருக்கும் பொதுவான பெயர் என்பதால் கொலம்பஸின் பெயரைச் சூட்டினார்கள்.

வெறுப்பு மிகுந்த இடங்களையும் அன்னை தவிர்க்கவில்லை. 1891 மார்ச் 14ஆம் நாள் நியூ ஆர்லியன்ஸ் நகரில், காவல்துறைத் தலைவரின் கொலை வழக்கில் எவரும் தண்டிக்கப்படாத நிலையில், ஆத்திரமடைந்த கும்பல் சிறைக்குள் புகுந்து 11 இத்தாலியர்களைக் கொன்றது. அந்த நகரிலேயே மறு ஆண்டு அன்னை ஓர் இல்லத்தைத் தொடங்கினார். கொலராடோ மாநிலத்தில் சகோதரிகள் சுரங்கத் தொழிலாளர்களைத் தேடிச் சுரங்கத்திற்குள்ளேயே இறங்கினார்கள். சிங் சிங் சிறையில் இருந்தவர்களையும் சந்தித்தார்கள். 1909இல் சியாட்டில் நகரில் அன்னை அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். தம் மக்கள் வேரூன்ற வேண்டிய மண்ணில் தாமும் வேரூன்றினார்.

1917 டிசம்பர் 22ஆம் நாள், சிகாகோவில் தாம் தொடங்கிய மருத்துவமனையிலேயே இறைவனடி சேர்ந்தார். முந்தின நாள்கூட, கிறிஸ்து பிறப்பு விழாவுக்காகக் குழந்தைகளுக்கு மிட்டாய் பொட்டலம் கட்டுவதில்தான் அவர் ஈடுபட்டிருந்தார். அப்போது அவருக்கு வயது 67. அவர் உருவாக்கிய நிறுவனங்களும் 67. 1946 ஜூலை 7ஆம் நாள் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் அவரைப் புனிதராக அறிவித்தார். அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர்களில் முதல் புனிதர் அவரே. 1950இல் குடியேறியவர்களின் பாதுகாவலியாகவும் அறிவிக்கப்பட்டார். சீனா? அவர் இறந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், 1926இல் அவருடைய சகோதரிகள் அங்கே சென்று சேர்ந்தார்கள்.

அன்பார்ந்தவர்களே, அன்னியரை ஏற்றுக்கொண்டோமா என்று இறுதி நாளில் ஆண்டவர் நம்மைக் கேட்பார் என்பது நாம் அறிந்ததே. அன்னை கப்ரினியின் வாழ்வு அக்கேள்வியை நம் ஆலய வாசலுக்கே கொண்டுவருகிறது. நியூயார்க் ஆலயங்களில் சிலரை நிலவறைக்கு அனுப்பியவர்கள் தீயவர்கள் அல்லர். ஞாயிறு தவறாமல் திருப்பலிக்கு வந்தவர்கள்தாம். நம் பங்கிற்குப் புதிதாக வந்து, கடைசி வரிசையில் அமர்ந்து, யாரிடமும் பேசாமல் திரும்பிப் போகிற குடும்பம் எது? பிரிக்கப்படாத கடிதம் ஒன்று அவர்கள் கையிலும் இருக்கக்கூடும். இந்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும், அருகில் சென்று பெயரைக் கேட்போம்.