பொத்தான் போடக் கற்பித்த மருத்துவர்

மாண்டிசோரி என்னும் பெயரைக் கேளாதவர் நம்மிடையே இரார். ஊருக்கு ஊர் பாலர் பள்ளிகளின் பெயர்ப்பலகையில் அதைக் காண்கிறோம். சிறுவர் உயரத்துக்கு ஏற்ற நாற்காலியும் மேசையும், மணிச்சரங்களும், மர அச்சுகளும் அவர் தந்த கொடை என்று பெற்றோர் அறிவர். அவர் ஒரு மருத்துவர் என்பதையும், எந்தப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளாத மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளிடமே தம் கல்விமுறையின் முதற்பாடத்தைக் கற்றார் என்பதையும் அறிந்தவர் சிலரே. அத்தகைய பிள்ளைகள் நம் கேத்திப் பள்ளத்தாக்கிலும் உண்டு. அவர்களைப் பேணும் தாய்மாரும் உண்டு. அவர்களை நினைத்தே அம்மையாரின் வாழ்க்கையில் அந்தப் பகுதியைச் சற்று விரித்து எழுதப் புகுந்தோம்.

மரியா மாண்டிசோரி 1870-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31-ஆம் நாள், இத்தாலி நாட்டில் அங்கோனா நகருக்கு அண்மையிலுள்ள கியாராவல்லே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை அலெசாந்திரோ அரசு அலுவலர். தாய் ரெனில்தே நூல்களில் நாட்டம் மிக்கவர். இவர்களுக்கு மரியா ஒரே மகள். மருத்துவம் படிக்க வேண்டும் என்று மகள் சொன்னபோது தந்தையார் இசையவில்லை, தாயார் துணைநின்றார். உரோமைப் பல்கலைக்கழகத்தில் பிணத்தை அறுத்துப் பார்க்கும் பாடத்தை ஆண்களோடு சேர்ந்து ஒரு பெண் படிப்பது தகாது என்றனர். ஆகவே எல்லாரும் போன பிறகு, பிணங்களுக்கு நடுவே தனியே நின்று அப்பாடத்தைக் கற்றார். ஆய்வுக்கூடத்தின் மருந்து வாடைக்கே மூக்கைப் பொத்தும் நம் மாணவியர் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்! 1896-இல் பட்டம் பெற்று, இத்தாலியின் முதல் பெண் மருத்துவர்களுள் ஒருவரானார்.

பட்டம் பெற்றபின் பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவப் பிரிவில் பணி கிடைத்தது. அதன் பொருட்டு உரோமையிலிருந்த மனநோயாளர் விடுதிகளுக்குப் போய்வர வேண்டியிருந்தது. அங்கே ஒரு காட்சி அவர் கண்ணில் பட்டது. மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளை ஒரு வெற்றறையில் அடைத்து வைத்திருந்தார்கள். உணவு முடிந்ததும் அவர்கள் தரையில் விழுந்து ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குவார்களாம். பெருந்தீனிக்காரர்கள் என்று காவற்பெண் அருவருப்போடு சொன்னாள். அம்மையார் அறையைச் சுற்றிப் பார்த்தார். ஒரு பொம்மை இல்லை. கையால் தொட்டு உருட்ட ஒரு கோலிகூட இல்லை. பசிப்பது வயிறன்று, கை என்பது அவருக்குப் புலனாயிற்று.

இத்தகைய பிள்ளைகளைப் பற்றி முன்பு எழுதியவர் எவர் என்று தேடினார். பிரெஞ்சு நாட்டு மருத்துவர் இத்தார், அவர் மாணவர் செகன் ஆகிய இருவரின் நூல்கள் கிடைத்தன. அவற்றை இத்தாலிய மொழியில் தம் கையாலேயே எழுதிப் பெயர்த்துக்கொண்டார். ஒவ்வொரு சொல்லையும் நின்று எடைபோட்டுப் படிக்க அதுவே வழி என்று கருதினார் போலும். 1900-இல் உரோமையில் இப்பிள்ளைகளுக்கான ஆசிரியர்களைப் பயிற்றும் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டு, அதை நடத்தும் பொறுப்பு அவருக்கும் மருத்துவர் மொந்தேசானோவுக்கும் வந்தது. பகல் முழுவதும் பிள்ளைகளோடு இருப்பார். இரவில் அன்று கண்டவற்றைக் குறித்து வைப்பார்.

அக்காலத்து நிகழ்ச்சி ஒன்றை அவரே தம் நூலில் எழுதியிருக்கிறார். 11 வயதுச் சிறுமி ஒருத்திக்கு ஊசி கோத்துத் தைக்கக் கற்பிக்க முயன்றார்கள். துணியின் மேலும் கீழும் ஊசியை ஓட்டும் அசைவு அவளுக்குப் பிடிபடவே இல்லை. அம்மையார் ஊசியை எடுத்து வைத்துவிட்டார். காகித நாடாக்களை ஒன்றன்மேல் ஒன்றாய், ஒன்றன்கீழ் ஒன்றாய்ச் செருகிப் பாய்போல் பின்னும் விளையாட்டைக் கொடுத்தார். அதில் அவள் கை தேறிய பின்னரே ஊசியைத் திரும்பக் கொடுத்தார். சிறுமி தைத்தாள்! ஊசிக்குப் பேர்போன ஊர் நம் கேத்தி. நம் தையல் வகுப்பிலும் முதல் நாளே ஊசியைக் கையில் திணிக்கிறோம் என்பதை நினைத்துக்கொண்டோம்.

அப்பள்ளியில் பயின்ற பிள்ளைகளுட் சிலர் எழுதவும் படிக்கவும் கற்று, ஏனைய பிள்ளைகளுக்குரிய பொதுத் தேர்வையே எழுதித் தேறினார்கள். ஊரார் வியந்து புகழ்ந்தனர். அம்மையாருக்கோ வேறொரு கவலை பிறந்தது. குறைபாடுடைய பிள்ளைகள் இவ்வளவு எட்டினால், நலமான பிள்ளைகளை நம் பள்ளிகள் எவ்வளவு அமுக்கி வைத்திருக்க வேண்டும் என்று எண்ணினார். அந்தக் கேள்வியே அவரை 1907 சனவரி 6-ஆம் நாள், மூவரசர் திருநாளன்று, உரோமையின் ஏழைக் குடியிருப்பான சான் லொரென்சோவில் குழந்தைகள் இல்லம் திறக்கச் செய்தது. அங்கே ஒரு நாள் மூக்கைச் சிந்தித் துடைப்பது எப்படி என்று பாடம் நடத்தினார். பிள்ளைகள் மகிழ்ந்து கை தட்டினார்களாம். மூக்கொழுகுகிறது என்று அதுவரை அவர்களைத் திட்டியவர் உண்டு. துடைக்கும் விதத்தைப் பொறுமையாய்க் காட்டியவர் இல்லை.

அவருடைய சாதனங்களுள் எங்களுக்கு மிகவும் பிடித்தது உடுத்தும் சட்டம். ஒரு மரச்சட்டத்தில் இரு பாதித் துணிகள். ஒன்றில் பெரிய பொத்தான்கள், இன்னொன்றில் சிறியவை, மற்றவற்றில் கொக்கி, நாடா, காலணிக் கயிறு. உடம்பில் உள்ள சட்டையில் குனிந்து தடுமாறாமல், மேசைமேல் கண்ணெதிரே வைத்துக் கை பழகலாம். இதன் வேர் செகன் வழியில் குறைபாடுடைய பிள்ளைகளுக்கு அளித்த பயிற்சியில் இருக்கிறது.

சிறு பொருள்தானே என்று நினைப்பவர் நம் மலைக் குளிரை நினைத்துப் பார்க்கட்டும். சட்டை, கம்பளிச் சட்டை, குல்லாய், காலுறை, காலணி. மூளை முடக்குவாதத்தால் கை விறைத்த பிள்ளைக்கு இவ்வளவையும் போட்டு முடிப்பதற்குள், கொழுந்தெடுக்கப் போகும் தாய்க்கு நேரம் ஓடிவிடும். பின்பு அப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படிகள் ஏறிச் சாலைக்கு வர வேண்டும். அந்தப் பிள்ளை பொத்தான்களில் ஒன்றைத் தானே போட்டுக்கொண்டால் தாய்க்கு அது எத்தகைய நிம்மதி!

பழைய சட்டையின் முன்பகுதியை ஒரு பலகையில் ஆணியடித்து இச்சட்டத்தை வீட்டிலேயே செய்யலாம். பெரிய பொத்தானில் தொடங்குவது நலம். இன்றைய சிறப்பாசிரியர்கள் வேறொரு வழியும் சொல்கிறார்கள். பொத்தானைத் துளையில் பாதி நுழைத்துக் கொடுத்து, கடைசி இழுப்பை மட்டும் பிள்ளைக்கு விடுவது. அது பழகியதும் அதற்கு முந்திய அசைவையும் விடுவது. ஒரு கை மட்டும் வலுவிழந்த பிள்ளைக்குச் சட்டை போடும்போது அந்தக் கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும். கரண்டிக் காம்பில் துணி சுற்றிப் பருமனாக்கினால் பிடி நழுவாது. பிள்ளை சிந்திச் சிந்தித்தான் உண்ணும்; சிந்தட்டும், துடைக்கத் துணி கொடுப்போம்.

சான் லொரென்சோ இல்லத்தின் விதிகளில் ஒன்று, தாய்மார் வாரம் ஒரு முறையேனும் ஆசிரியையைச் சந்தித்துப் பிள்ளை வீட்டில் எப்படியிருக்கிறான் என்று சொல்ல வேண்டும் என்பது. நம்முடைய பெற்றோர் கூட்டங்களில் மதிப்பெண் பேச்சிலேயே பொழுது போய்விடுகிறது! பள்ளிக்கு வெளியேயும் தாய்மார் கேட்டுப் பெற வேண்டியவை உண்டு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றிருக்கிறது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுடைய பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை அதில் உண்டு. மருத்துவச் சான்றும் அடையாள அட்டையும் கையில் இருந்தால்தான் பிற உதவிகளின் கதவு திறக்கும். பிள்ளைக்குக் குறை என்று எழுதி வாங்குவதா என்று தயங்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அத்தயக்கத்தில் கழியும் ஆண்டுகள் பிள்ளையினுடையவை.

அம்மையாரின் வாழ்வில் ஒரு துயரமும் உண்டு. பள்ளி மலர்களில் அதை எழுதாமல் விடுவது வழக்கம். விடுவதால் நன்மை இல்லை என்று நாங்கள் கருதினோம். 1898-இல் அவருக்கு மாரியோ என்னும் மகன் பிறந்தார். தந்தை உடன் பணியாற்றிய மொந்தேசானோ, திருமணம் நடைபெறவில்லை. ஊர்ப் பழிக்கு அஞ்சிய அக்காலத்தில், நாட்டுப்புறத்தில் வேறொரு குடும்பத்திடம் குழந்தை வளர விடப்பட்டது. பகலெல்லாம் பிறர் பிள்ளைகளின் கையைப் பிடித்திருந்தவர், தம் பிள்ளையை அவ்வப்போது போய்ப் பார்த்துவரும் விருந்தாளியாக இருந்தார். 1912-இல் தாயார் ரெனில்தே மறைந்தபின், ஏறத்தாழ 15 வயதில், மாரியோ தாயிடம் வந்து சேர்ந்தார். அதன் பிறகு இருவரும் விரும்பிப் பிரியவில்லை.

விரும்பாமல் பிரிந்தது நம் நாட்டில்தான். பிரம்மஞான சபையினரின் அழைப்பின்பேரில் 1939-இல் இருவரும் சென்னைக்கு வந்தனர். அடையாற்றில் 300-க்கும் மேற்பட்டோருக்குப் பயிற்சி நடந்தது. அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மாரியோ ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொன்னார். 1940 சூனில் இத்தாலி போரில் இறங்கவே, இருவரும் பகைநாட்டவர் ஆயினர். மாரியோவை அகமதுநகர் முகாமுக்குக் கொண்டு போயினர். அம்மையார் அடையாற்று எல்லைக்குள் இருக்க நேர்ந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 31-இல் அவருக்கு 70 வயது நிறைந்தது. பிறந்தநாள் பரிசாக வைசிராய் மகனை விடுவித்து அனுப்பினார். பின்பு கொடைக்கானலில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தங்கி, பல வயதுப் பிள்ளைகளை ஒன்றாய் வைத்துச் செடி கொடிகளையும் சிற்றுயிர்களையும் காட்டிக் கற்பித்தார். நம்முடையதைப் போன்ற மலைக்குளிரையும் மூடுபனியையும் அங்கே அவர் கண்டிருப்பார்.

1946-இல் ஐரோப்பாவுக்குத் திரும்பி, மறுபடியும் வந்து, 1949-இல் இந்தியாவை விட்டுச் சென்றார். 1952 மே 6-ஆம் நாள், நெதர்லாந்தின் கடலோர ஊரான நூர்த்வைக்கில், 81-ஆம் வயதில் உயிர் நீத்தார். அவ்வூர்க் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. தாயின் பணியை மாரியோ 1982-இல் தாம் இறக்கும்வரை தொடர்ந்து நடத்தினார்.