குறை சொல்ல ஆள் தேடிய பேச்சாளர்

மேடைப் பேச்சு பிறவிக் கொடை என்று நம்புகிறவர்கள் நம்மிடையே மிகுதி. பேச வராதவர் அந்த நம்பிக்கையால் ஒதுங்கிக்கொள்கிறார். பேச வந்தவரோ அதே நம்பிக்கையால் தம்மைத் திருத்திக்கொள்ளாமலேயே இருந்துவிடுகிறார். இருவருக்கும் நான் சுட்டிக்காட்ட விரும்புவது மைக்கேல் ஃபாரடேயின் வாழ்க்கையை.

மின்காந்தத் தூண்டலை 1831-இல் கண்டறிந்த விஞ்ஞானியாக அவரை உலகம் அறியும். தம் காலத்து லண்டனில் அவர் தலைசிறந்த அறிவியல் சொற்பொழிவாளராகவும் விளங்கினார் என்பதும், அந்தத் திறனை முயன்று ஈட்டினார் என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

ஃபாரடே 1791-இல் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தார். எழுத்து, வாசிப்பு, கணக்கு ஆகியவற்றின் தொடக்க நிலையோடு பள்ளிக் கல்வி முடிந்தது. 14 வயதில் நூல் கட்டும் தொழிலில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். கட்டுவதற்கு வந்த நூல்களே அவருக்கு ஆசிரியர்களாயின. கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் அளித்த அனுமதிச் சீட்டுகளால், 1812-இல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ப்ரி டேவியின் நான்கு சொற்பொழிவுகளைக் கேட்கும் வாய்ப்பு கிட்டியது. குறிப்பெடுத்து, படம் வரைந்து, தம் கையாலேயே கட்டிய நூலாக அவற்றை டேவிக்கு அனுப்பினார். 1813 மார்ச்சில் அங்கேயே ஆய்வக உதவியாளரானார்.

மேடைக்குப் பின்னால் நின்று சொற்பொழிவாளர்களுக்கு உதவிய அந்த இளைஞர், அவர்களைக் கூர்ந்து கவனிக்கத் தொடங்கினார். அதே ஆண்டில் நண்பர் பெஞ்சமின் அப்பாட்டுக்கு எழுதிய கடிதங்களில், நல்ல சொற்பொழிவின் இலக்கணத்தையே வகுத்தார். அரங்கில் காற்றோட்டம் வேண்டும். சோதனைக் கருவிகள் எல்லோர் கண்ணுக்கும் தெரிய வேண்டும். பேச்சு விரைந்தோடாமல் நிதானமாக அமைய வேண்டும். பேச்சாளர் அவைக்கு முதுகு காட்டலாகாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசலாகாது. இவற்றை எழுதியபோது ஃபாரடேக்கு வயது 21; அவர் ஒரு சொற்பொழிவுகூட நிகழ்த்தியிருக்கவில்லை.

இலக்கணம் அறிந்தால் மட்டும் பேச்சு வந்துவிடாது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. 1816-இல் சிறியதொரு அறிவியல் கழகத்தில் பேசத் தொடங்கினார். பிறகு பெஞ்சமின் ஸ்மார்ட் என்ற பேச்சுக்கலை ஆசிரியரிடம் கட்டணம் செலுத்திப் பயின்றார். நண்பர் எட்வர்டு மாக்ராத்தை அவையில் அமரச் செய்து, உச்சரிப்பிலும் உடலசைவிலும் தென்படும் குறைகளைக் குறித்துத் தருமாறு கேட்டுக்கொண்டார். வேகம் கூடும்போதெல்லாம் மெதுவாகப் பேசுமாறு நினைவூட்டும் அட்டையை உதவியாளர் அவர் முன் வைப்பார். நேரம் முடியப்போவதை அறிவிக்க இன்னோர் அட்டை இருந்தது.

என்னை வியக்க வைப்பது இந்த அட்டைதான். நாம் மேடையிலிருந்து இறங்கியதும் பாராட்டை எதிர்பார்க்கிறோம். அவரோ, பேசிக்கொண்டிருக்கும்போதே தம்மைத் திருத்துவதற்கு ஒருவரை அருகில் நிறுத்திக்கொண்டார்.

பலன் பெரிதாக இருந்தது. அவர் முன்னின்று தொடங்கிய வெள்ளிக்கிழமை மாலை உரைகளில் தாமே நூற்றுக்கும் மேற்பட்டவற்றை நிகழ்த்தினார். இளையோருக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவு வரிசைகளை 19 ஆண்டுகளில் வழங்கினார். அவற்றுள் புகழ்பெற்றது மெழுகுவத்தியைப் பற்றியது. ஒவ்வொரு வீட்டிலும் எரிந்த அந்த எளிய பொருளைக்கொண்டே எரிதல், காற்று, நீர், சுவாசம் என வேதியியலின் வாசல்களை ஒவ்வொன்றாகத் திறந்துகாட்டினார். நினைவாற்றல் தளர்வதை உணர்ந்ததும், 1861-இல் அந்த இளையோர் உரைகளிலிருந்து தாமே விலகினார். 1867-இல் மறைந்தார்.

இன்றைய கருத்தரங்குகளில் பார்வையாளனாக அமரும்போது நான் காண்பது பெரும்பாலும் வேறொன்று. திரையில் நெருக்கமாக நிறைந்த எழுத்துகள். அவற்றை அப்படியே படித்துக்கொண்டு, அவைக்கு முதுகு காட்டி நிற்கும் அறிஞர். ஒதுக்கிய நேரம் கடந்த பின்னும் முடியாத உரை. அவருடைய அறிவில் எனக்கு ஐயமில்லை. ஆனால், அந்த அறிவு கடைசி வரிசையைச் சென்று சேர்வதில்லை. கருவிகள் பெருகியுள்ளன, கேட்பவர்மீது கொள்ளும் அக்கறை அந்த அளவுக்குப் பெருகவில்லை.

கல்லூரிகளில் ஆய்வு மாணவர்களுக்குப் பொருளைக் கற்பிக்கும் அதே கவனத்தோடு, அதை எடுத்துரைக்கும் முறையையும் கற்பிக்க வேண்டும். ஒருவர் பேச, மற்றொருவர் குறை குறித்துத் தரும் பழக்கத்துக்குப் பெருஞ்செலவு ஆகாது; குறையைக் கேட்கும் மனம் இருந்தால் போதும்.

1812-இல் டேவியின் அரங்கில் அமர்ந்திருந்த நூல் கட்டும் இளைஞரை அங்கிருந்தோர் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். டேவி அன்று குறிப்புகளை முணுமுணுத்துவிட்டு இறங்கியிருந்தால், அந்த இளைஞர் அவற்றை எழுதி வைத்திருப்பாரா? நாம் பேசும் அவையிலும் அப்படி ஒருவர் அமர்ந்திருக்கக்கூடும். அவரை எண்ணியாவது, நாம் சற்று நிதானமாக, அவையை நோக்கிப் பேசக் கற்க வேண்டும்.